யாழினி பேசும்போது எடுத்த போட்டோ வேண்டும்

என் மகன் செந்திலுக்கு,

இங்கே எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம். எல்லாரும் என்றால் நான் ஒருத்திதான். முதலில் நம் வீட்டுப் பிள்ளைகள் செய்திருக்கிற காரியங்களை எழுதிவிடுகிறேன், அதை எழுதினால்தான் எனக்குப் பேனா ஓடும். உன் அக்காவின் பெரிய பையன் ஒரு அரியர்கூட வைக்காமல் இன்ஜினியரிங்கில் மூன்றாவது வருஷத்துக்குப் போகிறான். அவன் தங்கச்சி போன வருஷம் பத்தாவதில் குறிஞ்சிப்பாடியில் அவள் பள்ளிக்கூடத்துக்கே முதலாக வந்தாள், பிரேயரில் முன்னால் கூப்பிட்டு நிறுத்திக் கை தட்டினார்கள். சின்னவன் கபடியில் மாவட்டம் வரைக்கும் ஆடி, முட்டியைப் பேர்த்துக்கொண்டு, ஆனாலும் கப்போடுதான் வீட்டுக்குள் வந்தான். கருவாடு வாங்கப் போனால்கூட நான் இதைச் சொல்லாமல் திரும்புவதில்லை. "ஆயா ஆரம்பிச்சிடுச்சு, தராசைக் கீழ வெச்சிட்டுக் கேளுங்கடி" என்று கருவாட்டுக்காரி சிரிப்பாள். சிரிக்கட்டும். இப்போது வரிசையில் கடைசியாக, ஆனால் எனக்கு முதலாக, யாழினி. உன் மகள் புதுப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்துத் தன் பேரையும் வகுப்பையும் தானே சொல்லியிருக்கிறாள். நேரம் எடுத்துக்கொண்டாளாம். இடையில் நின்றாளாம். ஆனால் யாரும் எடுத்துக் கொடுக்காமல் முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினாளாம்.

இத்தனை "ஆம்" போட்டு எழுதுகிறேனே, ஏன் தெரியுமா? நீ சொல்லி நான் கேட்கவில்லை. மருமகள் ரேவதி சொல்லியும் கேட்கவில்லை. உன் மாமியார் போன் பண்ணிச் சொன்னார்கள். "சம்பந்திம்மா, சேதி தெரியுமா? உங்க பேத்தி மைக்குல பேர் சொல்லிட்டா!" என்றார்கள். உங்க பேத்தி என்று தாராளமாகத்தான் சொன்னார்கள், பந்தியில் மிஞ்சினதை அள்ளிக் கொடுக்கிற தாராளம். நானும் "அப்படியா, ரொம்ப சந்தோசம் சம்பந்தி" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். சந்தோசம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. அதை வருத்தம் என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம். பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பேர் எதுவும் எனக்குத் தெரியாது, நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான்.

இந்தப் பொறாமை ஆரம்பித்த நாளை உனக்குச் சொல்கிறேன். அன்றைக்கு நீ லீவு கிடைக்கவில்லை என்று கூட வரவில்லை. யாழினிக்கு அப்போது அஞ்சு வயசு, நீங்கள் எல்லாரும் என்னோடு மஞ்சக்குப்பத்தில் இருந்தீர்கள். திக்கிப் பேசுகிற சின்னப் பிள்ளைகளுக்குக் காதில் சத்தம் விழுந்தால் மூளை என்ன பதில் சொல்கிறது என்று பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள், சிதம்பரத்தில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று ரேவதி விசாரித்து வைத்திருந்தாள். ஊசி கிடையாது, மருந்து கிடையாது, தலையில் ஒரு தொப்பி மாட்டுவார்கள், அவ்வளவுதான் என்றாள். தலையை ஷாம்பூ போட்டு அலசி, எண்ணெய் வைக்காமல் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். ரேவதி அப்படியே அலசித்தான் விட்டாள். குழந்தை தலை தேங்காய் நார் மாதிரி பறந்துகொண்டு நின்றது. எனக்கு ஒரே யோசனைதான். இந்தத் தலையோடு இவள் சிதம்பரத்தில் இறங்கினால் உன் மாமியார் என்ன நினைப்பார்கள்? கடலூரில் கவனிக்க ஆள் இல்லை என்றுதானே? ரேவதி புடவை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெய் எடுத்து உச்சியில் வைத்து அரக்கித் தேய்த்து, இரட்டைச் சடை போட்டு, கனகாம்பரமும் வைத்துவிட்டேன். புதுச்சத்திரம் தாண்டுகிற வரைக்கும் பஸ்ஸில் என் மடியில்தான் வந்தாள். அவள் தலை என் முந்தானையை நனைத்தது, எனக்குப் பெருமையாக இருந்தது.

தொப்பி மாட்டுகிற பெண் குழந்தையின் தலையைத் தொட்டாள், கை வழுக்கியது. "எண்ணெய் வெச்சிருக்கீங்களா, ஆயா?" என்றாள். "பின்ன, பொட்டப் புள்ள தலையக் காய விட்டா கூட்டிட்டு வருவாங்க?" என்றேன். "போன்லயே சொன்னேனே. எண்ணெய் இருந்தா ஒயர் ஒட்டாது. கோடு ஒண்ணும் வராது." ரேவதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் அலசித்தானே விட்டேன் அத்தை, எப்ப வெச்சீங்க?" "நீ பொடவைக்குக் கொசுவம் வெச்சிக்கிட்டிருந்தப்ப." இதற்குள், எங்களுக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருந்த உன் மாமியார் எழுந்துவிட்டார்கள். "விடு ரேவதி. நம்ம வீடு ரெண்டு தெரு தள்ளித்தானே, நான் கூட்டிட்டுப் போயி அலசிட்டு வரேன். சம்பந்திம்மா பாசத்துல வெச்சிட்டாங்க" என்றார்கள். அந்தப் "பாசத்துல" என்கிற சொல் இருக்கிறதே, செந்திலு, அது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. நான் வைத்தது பாசத்தில் இல்லை, வீம்பில். அது தெரிந்தும் என்னைக் காப்பாற்றுகிற மாதிரி பேசினார்கள். போய் அலசி, துவட்டி, என் கனகாம்பரத்தை ஒரு காகிதத்தில் மடித்து என் கையிலேயே கொடுத்தார்கள். எண்ணெய் வைத்தது தப்பு என்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு வைத்தது தப்பு, அவ்வளவுதான்.

அதனால் என்ன ஆனது என்றால், தலை அலசிவிட்டவர் மடியிலேயே குழந்தை ஒட்டிக்கொண்டாள். ரேவதியை இன்னொருத்தர் தனியாக உட்கார வைத்து, எப்போது திக்கல் ஆரம்பித்தது, எந்த எழுத்தில் நிற்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பெரியவர்தான் இருக்கலாம் என்றார்கள். உன் மாமியார் இருந்தார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். குழந்தை தலையில் ஒயர் ஒயராகத் தொங்குகிற தொப்பி, காதில் சின்னதாக ஒன்று, எதிரே டி.வி.யில் சத்தமில்லாமல் பொம்மைப் படம். இந்தப் பக்கம் ஒரு திரையில் கோடு கோடாக எறும்பு ஊர்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நல்ல பெண்தான், என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னாள். ஒரே சத்தம் திரும்பத் திரும்பப் போகுமாம், நடுவில் திடீரென்று வேறு ஒரு சத்தம். பிள்ளை பொம்மைப் படத்தில் லயித்திருந்தாலும் மூளை தானாக, "ஏய், இது வேற" என்று திரும்பிப் பார்க்குமாம். திக்குகிற பிள்ளைகளில் சிலருக்கு அந்தத் திரும்பிப் பார்க்கிறது கொஞ்சம் வேறு மாதிரி இருக்குமோ என்றுதான் பார்க்கிறார்களாம். "அப்ப எங்க புள்ளைக்கு எப்பிடி?" என்றேன். "ஒரு குழந்தையோட கோட்டைப் பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது ஆயா. நெறைய பிள்ளைங்களைப் பார்த்து, சேர்த்து வெச்சுத்தான் சொல்லணும். எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்தது.

"சத்தம் மாறுனா அவளுக்குக் கேக்காதா? இவ தாத்தா பலாப்பழத்தத் தட்டிப் பாத்தே இன்னும் எத்தினி நாள்ல பழுக்கும்னு சொல்லுவாரு, அவருக்குந்தான் திக்கும்" என்று நான் கேட்டேன். "காது நல்லாத்தான் கேக்குது ஆயா. உங்க வீட்டுக்காரர் கவனிச்சுத் தட்டினார். நாங்க பாக்கறது கவனிக்காத நேரத்துல மூளை என்ன பண்ணுதுன்னு. சில குடும்பத்துல இது வழிவழியா வரும். யார் பண்ணின தப்பும் இல்ல" என்றாள். இது ரேவதி காதிலும் விழுந்திருக்கிறது, வெளியே வந்து உட்கார்ந்ததும் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நம் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று உன் மாமியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். பச்சப் புள்ளைக்கு உங்கள் அலமாரிக் கண்ணாடியைக் காட்டினீர்களே, அதனால்தான் பேச்சு தடுக்குது என்று சொல்ல வாயில் வைத்திருந்தேன். அவர்கள் "அப்படியா சம்பந்தி" என்று மட்டும் சொல்லி என் கையில் டம்ளரைக் கொடுத்தார்கள். காப்பி நன்றாக வேறு இருந்தது.

கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்டேன். "ஏம்மா, அந்த சத்தத்துக்குப் பதிலா என் குரலைப் போட்டா அவ மூளை என்ன கோடு போடும்? சம்பந்தி குரலைப் போட்டா என்ன போடும்?" அவள் சிரித்துவிட்டு, "இதுல அதெல்லாம் தெரியாது ஆயா" என்றாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உன் மாமியார் வீட்டில் அவள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அங்கேயும் திக்கும், ஆனால் திக்கித் திக்கிப் பேசிக்கொண்டே போவாள், கதை கதையாக. என்னிடம் வந்தால் "ஆ... ஆ..." என்று ஆரம்பித்து, பிறகு கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவாள். ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

உன் அப்பாவுக்கும் எனக்கும் எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியும், நீ பார்த்துத்தான் வளர்ந்தாய். அவர் ஒரு சொல்லைத் தொடங்கினால் நான் முடிப்பேன். கடையில், பஸ்ஸில், உன் பள்ளிக்கூடத்தில், எங்கேயும். அதைத்தான் நான் குடித்தனம் என்று நினைத்தேன். தெருக்குழாயடியில் நின்று வளர்ந்தவள் நான், வாய் முந்தினால்தான் குடம் ரொம்பும். உன் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் பூராவும் அவர் கொல்லைப்பக்கம் நின்று, தட்டு மாற்றும்போது மாப்பிள்ளையின் அப்பா மூன்று தடவை சொல்ல வேண்டிய "பொண்ணு எங்க பொண்ணு" என்பதைத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சபையில் முதல் தடவை சொல்லிவிட்டார். இரண்டாவது தடவை "பொ..." என்று நின்றது. எனக்கு நெஞ்சு பொறுக்குமா? பின்னாலிருந்து நானே மிச்சத்தையும் சேர்த்து கணீரென்று சொல்லி முடித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், "சம்பந்தியம்மாதான் வீட்டுக்குப் பெரியவங்க" என்றார்கள். நானும் சிரித்தேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவர் இரண்டாயிரத்து நாலில் போனபோது பண்ருட்டி மண்டியில் அவரோடு லோடு ஏற்றின ஆள் ஒருத்தர் வந்திருந்தார், மூக்கில் பெரிய மச்சம் உள்ளவர், உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் என்னிடம் வந்து, "மச்சான் பேசுற பேச்சு இருக்கே தங்கச்சி, லோடு ஏத்துறத நிறுத்திட்டு நாங்க கேப்போம். ஒரு பழத்தக் காட்டி அந்த மரத்தோட கதையே சொல்லுவாரு. நடுவுல நிக்கும். நாங்க பீடி பத்த வெச்சுக்குவோம். அப்புறம் வரும்" என்றார். சாவு வீட்டில் அத்தனை பேர் அழுகிறார்கள், எனக்கு அந்த மச்சக்காரர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. என் புருசன் பேச்சு முழுசும் ஒரு பீடிக்காரனுக்குக் கிடைத்திருக்கிறது. எனக்குக் கிடைத்ததெல்லாம் முதல் எழுத்து மட்டும். உன் மாமியார்மேல் எனக்கு வருவது அதே எரிச்சல்தான் என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

நீ என்னைக் கண்டித்தது எந்தப் பொங்கலுக்கு என்று நான் சொல்ல வேண்டாம். எதிர்வீட்டுக்காரி வந்து, "உன் பேரு என்ன கண்ணு?" என்றாள். குழந்தை "யா... யா..." என்றாள். நான் "யாழினி" என்றேன். குழந்தை என் முகத்தைப் பார்த்தாள், உன் அப்பா துண்டை உதறினாரே, அதே மாதிரி கையை உதறிவிட்டு உள்ளே போனாள். சாயந்திரம் வரைக்கும் என்னிடம் பேச்சில்லை. நீ வந்து, "அவ சொல்றத நீ ஏம்மா புடுங்குற? முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், மெதுவாப் பேசுன்னும் சொல்லக் கூடாதுன்னு அந்தப் பேச்சுப் பயிற்சி மேடம் படிச்சுப் படிச்சு சொன்னாங்கல்ல?" என்றாய். வசம்பு சுட்டு நாக்கில் தடவாதே என்றாய், சரி. முடிக்காதே என்றாயே, அதுதான் எனக்கு முடியவில்லை. புயல் அடித்துக் கூரை போனதும் நீ சிதம்பரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாய். கூரை மாற்றியாகிவிட்டதே, லீவுக்கு அனுப்பு என்று கேட்டதற்கு, "இப்பத்தான் பேச்சு வருது, கொஞ்ச நாளைக்குப் போன்லயே பேசும்மா" என்றாய். உன் மாமியார் காத்திருக்கிறார்கள், நான் காத்திருக்க மாட்டேன், அதனால் பிள்ளை அங்கே. நியாயம்தான். நியாயமாக இருப்பதால்தான் ஜாஸ்தி வலிக்கிறது.

இப்போது போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு அந்தத் தொப்பியைக் கழற்றுவதற்கு முன்னால் ரேவதி வந்து செல்லில் ஒன்று எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாளே, குழந்தை உன் மாமியார் மடியில் இருப்பது. என்னிடம் அதை விட்டால் வேறு நல்ல போட்டோ கிடையாது. நான் அதை நடுவில் மடித்து, உன் மாமியார் பக்கம் பின்னால் போகிற மாதிரி பிரேம் போட்டு மாட்டியிருந்தேன். குழந்தை வயிற்றைச் சுற்றியிருந்த அவர்கள் கையை மட்டும் மடிக்க முடியவில்லை, அது முன்னாலேயே நின்றது. புயலன்று சுவரோடு தண்ணீர் இறங்கிப் பிரேமுக்குள் புகுந்துவிட்டது. காய்ந்த பிறகு பிரித்துப் பார்த்தால், முன்பக்கம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு குழந்தை முகம் பூராவும் உரிந்து வந்துவிட்டது. பின்னால் மடித்துவைத்த பக்கத்துக்கு ஒரு சேதமும் இல்லை. உன் மாமியார் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் இன்றைக்கு முழுசாக இருப்பது அவர்கள் ஒருத்தர்தான். யாரிடம் போய்ச் சொல்வேன் இதை? உன்னிடம்தான் சொல்லலாம், நீயும் சிரிப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை யாழினி போன் பண்ணினாள். நீ எண்ணைப் போட்டுக் கொடுத்திருப்பாய். நான் கொஞ்ச நாளாக ஒரு வேலை செய்கிறேன். அவள் போன் வருகிற நேரம் என்று தெரிந்தால் வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொள்கிறேன். சாறு ஊறிவிட்டால் வாயைத் திறக்க முடியாது, திறந்தால் புடவை பாழ். என் வாயை நம்ப முடியாது, அதற்குக் காத்திருக்கத் தெரியாது, அதனால் அதை அடைத்துவிட்டேன். "ஆ... ஆ..." என்றாள். நான் "ம்" என்றேன். மறுபடி நின்றது. அந்த நேரம் பூராவும் என் நாக்கு வெற்றிலைக்குள் புரண்டு புரண்டு படுத்தது. "ஆயா, நான் மை... மை... மைக்குல பேர் சொன்னேன்" என்றாள். எனக்குத்தான் முன்பே தெரியுமே, ஆனாலும் தெரியாத மாதிரியே "ம்?" என்றேன். என்ன கவுன் போட்டிருந்தாள், யாரெல்லாம் மறந்துபோய் அழுதார்கள், மைக் உயரமாக இருந்ததால் மிஸ் அதைக் கீழே இறக்கினது, மேடையிலிருந்து பார்த்தால் பாட்டியின் தலை மட்டும் தெரிந்தது, எல்லாம் சொன்னாள். நின்று நின்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில், "ஆயா, ஏன் பேச மாட்டேங்கிற, லை... லைன்ல இருக்கியா?" என்றாள். இருக்கிறேன் என்று சொல்லப் போய் சாறு முந்தானையெல்லாம் கொட்டிவிட்டது. அவள் சிரித்த சிரிப்பு உனக்குக் கேட்டிருக்கும்.

அந்த மச்சக்காரருக்குக் கிடைத்தது எனக்கும் ஒரு நாள் கிடைத்தது என்று வைத்துக்கொள். அதனால் உனக்கு இரண்டு வார்த்தை சொல்கிறேன், அம்மா சொல்கிறாள் என்று கேட்டுக்கொள். நான் போன் பண்ணும்போது "யாழினி நல்லா இருக்கா, சாப்பிட்டா, ஸ்கூல் போனா" என்று நீயே அடுக்குகிறாயே, அதுவும் என் வியாதிதான், நீ என் பிள்ளை. அவளைப் பற்றி அவளைச் சொல்லவிடு, ரேவதியைப் பற்றி ரேவதியைச் சொல்லவிடு. அடுத்தது, மே மாதம் அவளை இங்கே அனுப்பு. உனக்குப் பயமாக இருந்தால் நீயும் வந்து இருந்து பார், நான் குறுக்கே பேசினால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போ. வெற்றிலை வாங்கி வைத்திருக்கிறேன். தலைக்கு எண்ணெய் மட்டும் வைப்பேன், அதில் உன் பேச்சைக் கேட்க மாட்டேன். எதிர்வீட்டுக்காரியை நானே கூப்பிட்டு, உன் பேர் என்ன என்று மறுபடி கேட்கச் சொல்லப் போகிறேன். நான் வாசற்படியிலேயே நிற்பேன், வாய் திறக்க மாட்டேன்.

அதுவரைக்கும் சுவரில் ஆணி காலியாக இருக்கிறது. நல்ல பெரிய சைசில் ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. வாயை மூடிச் சிரி என்று குழந்தையிடம் சொல்லாதே. ஏதாவது பேசச் சொல்லி, அவள் ஒரு சொல்லில் நின்றுகொண்டிருக்கும்போது, வாய் திறந்திருக்கும்போது எடு. பாதியில் நிற்கிற முகத்தை எல்லாரும் மறைத்து மறைத்து, எனக்கு அது எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை. நானும் அப்போதெல்லாம் என் பேச்சில்தான் இருந்தேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உன் மாமியாரும் கூட நிற்கட்டும். இந்தத் தடவை மடிக்க மாட்டேன். ஆனால் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லு, பக்கத்தில் நின்றால் போதும்.

உன் அம்மா
மஞ்சக்குப்பம்